டாக்டர் வேஷக்காரர்

திரைப்படங்களில் அறுவைச் சிகிச்சை அறையின் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, கண்ணாடியைக் கழற்றி, காத்திருப்பவர்களிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போகிற மருத்துவரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முகம் நினைவிருக்கும், பெயர் தெரியாது. அப்படிப்பட்ட ஒரு நடிகரோடு கொல்லிமலையில் மூன்று ஆண்டுகள் வேலை செய்தேன். தொண்ணூற்றெட்டில் தொடங்கிய அந்த ஆண்டுகளை நினைக்கும்போதெல்லாம் முதலில் வருவது, மலைமேல் இருக்கும் செம்மேட்டுக்கு ஏறும் பேருந்தின் சத்தமும் அதற்கு மேலே கேட்கும் அவருடைய குரலும்தான்.

பெரிய குரல். கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநர் திணறுகிற நேரத்தில்கூட, பின் இருக்கையில் இருக்கும் எனக்குத் தெளிவாகக் கேட்கும். மைக் இல்லாத காலத்து நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டவேண்டும் என்று பழக்கிய குரல் அது. சேலம் பக்கத்தில் ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். பதினாறு வயதில், ஊருக்கு வந்து முகாமிட்ட நாடகக் கம்பெனியோடு போய்விட்டார். முதலில் திரை இழுத்தார். பிறகு ஈட்டி பிடித்துக் காவலாளியாக நின்றார். பிறகு மந்திரி. அதற்கு மேல் ஏற்றமில்லை, ஏனென்றால் அவருக்குப் பாட வராது.

“பாடத் தெரியாதவன் அந்தக் கம்பெனியில ராஜா ஆக முடியாது அம்மிணி. எவ்வளவுதான் நடிச்சாலும் மந்திரிதான். ராஜா பாடி முடிக்கிற வரைக்கும் தலையாட்டிக்கிட்டே நிக்கணும். எனக்குக் கழுத்து வலி வந்ததே அதுலதான்.”

கம்பெனி கலைந்ததும் கோடம்பாக்கம் போனார். அங்கே அவரைப் பிழைக்கவைத்தது ஒரு வெள்ளைக் கோட்டு. எங்கேயோ பழைய துணிச் சந்தையில் வாங்கியது. கூடவே ஒரு ஸ்டெதாஸ்கோப்பும் சேர்த்துக்கொண்டார்.

“காலையில கேட்டுக்கு முன்னாடி நூறு பேரு நிப்போம். மேனேஜரு வந்து, டாக்டர் வேஷத்துக்கு ஒரு ஆளுன்னு கத்துவான். எல்லாரும் நான் நான்னு முண்டுவாங்க. நான் ஒண்ணும் பேசமாட்டேன், பையைத் திறந்து கோட்டைக் காட்டுவேன். அவ்வளவுதான். நடிப்பையா பாத்தான்? கம்பெனிக்கு வாடகை மிச்சம்.”

இப்படி இருபது வருடம். அவர் கணக்கில் மருத்துவர் வேடம் இரண்டே வகைதான்: கையை விரிக்கிறது, விரிக்காதது. முதல் வகைக்குக் கண்ணாடியை மெதுவாகக் கழற்ற வேண்டும். இரண்டாவது வகைக்குக் கழற்றவே கூடாது. இதை அவர் செய்து காட்டும்போது, கோழிக்கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்கூடச் சிரிப்பார்கள்.

வாய்ப்புகள் குறைந்தபின் ஊர் திரும்பியிருந்தவரை, மலைக்கிராமங்களில் சுகாதார நாடகம் போட்டுவந்த எங்கள் தொண்டு நிறுவனம் அழைத்துக்கொண்டது. நான் அப்போதுதான் சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு அங்கே சேர்ந்திருந்தேன். நாடகம் எழுதுவதும் ஊர் ஊராக ஏற்பாடு செய்வதும் என் வேலை. அடிவாரத்து ஊர் ஒன்றில் என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சிறிய இரும்புக்கடை. கல்யாணம் ஆகாத பெண் நாடகக்காரர்களோடு மலை மலையாகச் சுற்றுவதா என்று அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அத்தா நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று அலுவலகத்துக்கு வந்தார். நடிகரைக் கண்டதும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.

“நீங்க... டாக்டருதானுங்களே?”

“வேஷந்தாங்க பாய்” என்றார் அவர்.

“இருக்கட்டுமுங்க. உங்க முகத்தப் பாத்தாலே ஒரு தைரியம் வருதுங்க” என்றார் அத்தா. அன்றைக்கே எனக்கு அனுமதி கிடைத்தது.

அத்தாவுக்கு வந்த தைரியம்தான் மலையிலும் எல்லோருக்கும் வந்தது. அதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். பஞ்சாயத்துத் தொலைக்காட்சியில் ஞாயிறு மாலைப் படங்களில் அவரைப் பார்த்துப் பழகியிருந்தார்கள். கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; குண்டனி நாட்டில் ஓர் ஊரில் முதல் நாடகம் முடிந்தபோது, அவர் அரிதாரத்தைத் துடைப்பதற்குள் முன்னால் ஒரு வரிசை நின்றுவிட்டது. ஒருவர் முழங்காலைக் காட்டினார். இன்னொருவர் நாக்கை நீட்டினார்.

“நான் டாக்டர் இல்லீங்க. நாடகக்காரன்.”

“தெரியுமுங்க” என்றார் முழங்கால்காரர், கொஞ்சமும் அசராமல். “எங்களுக்கென்ன அது தெரியாதா? ஆனா உங்க கை ராசியான கைங்க. நீங்க பொழைச்சுக்குவாருன்னு சொன்ன ஆளு ஒருத்தராச்சும் போயிருக்காரா? நாங்க பாத்திருக்கோமுல்ல. தொட்டு மட்டும் உடுங்க.”

வரிசையில் நின்ற ஒரு பெண்மணிக்கு வேறு வழக்கு இருந்தது. “ஏனுங்க, அந்த அண்ணன் தங்கச்சி படத்துல மட்டும் கைய விரிச்சுட்டீங்களே. அந்தத் தங்கச்சி என்ன பாவம் பண்ணுச்சு?”

“அது டைரக்டரு சொன்னது தாயி. என் கையில என்ன இருக்குது?”

“நீங்க கொஞ்சம் சொல்லிப் பாத்திருக்கலாமுங்க.”

அன்று மாலை நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு எனக்கு உறுத்தியது. மருத்துவ அறிவை நம்பச் சொல்ல வந்த நாங்கள் ஒரு முகத்தை நம்பவைத்துக்கொண்டிருக்கிறோமோ? ஒவ்வொரு நாடகத்தின் முடிவிலும் அவர் முன்னால் வந்து கோட்டைக் கழற்றி, தான் நடிகன் என்று சொல்லவேண்டும் என விதி வகுத்தேன். அவர் ஒருநாளும் தவறாமல் சொன்னார். கூட்டமும் ஒருநாளும் தவறாமல் ‘தெரியுமுங்க’ என்றது.

அந்த நாடகம் பிரசவத்தைப் பற்றியது. வலி கண்ட பெண்ணை வீட்டிலேயே வைத்துத் தாமதம் செய்கிறார்கள். கடைசியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே மருத்துவர் வெளியே வந்து சொல்கிறார்: “பயப்படாதீங்க. கொண்டாந்துட்டீங்க, இனி ரெண்டு உசுருக்கும் ஒண்ணும் ஆகாது. என் பொறுப்பு.” இந்த வசனத்துக்குக் கைதட்டல் விழாத ஊரே இல்லை. அதை எழுதியவள் நான் என்பதில் எனக்கு அப்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இரண்டாயிரமாவது ஆண்டு, பங்குனி. குண்டூர் நாட்டில் நாங்கள் நாடகம் போட்டிருந்த ஓர் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டரின் கையில் முதல் மஞ்சள் கயிறு ஏறியபின், அதை அவிழ்க்கும் நாள்வரை ஊரில் இருப்பவர் எவரும் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது. பகலில் சந்தைக்குப் போகலாம். இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும். எங்கள் கீழ்நாட்டு ஊர்களிலும் உள்ள வழக்கம்தான் அது. ஆனால் மலையில் இன்னும் கண்டிப்பாக இருந்தது.

காப்புக் கட்டிய மூன்றாம் நாள் காலை, அந்தப் பகுதியின் நர்சம்மா செம்மேட்டில் எங்கள் அறைக்கு வந்தார். ஊர்க்கவுண்டரின் மருமகளுக்குத் தலைப்பிரசவம். எட்டு மாதம் முடிந்திருந்தது. வயது பத்தொன்பது. கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். இரத்த அழுத்தம் ஏறி, முகமும் காலும் வீங்கியிருந்தன. உடனே அடிவாரத்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். காப்பைச் சொல்லிக் கவுண்டர் மறுக்கிறார்.

“நான் சொன்னா கேக்கமாட்டேங்கறாருங்க. உங்க நாடகத்து ஐயா வந்து ஒரு வார்த்தை சொன்னா அனுப்பிடுவாரு” என்றார் நர்சம்மா.

நடிகர் உடனே சட்டையை மாட்டிக்கொண்டார். கோட்டை எடுக்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். வீட்டு முற்றத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. கவுண்டர் எங்களுக்குப் பாய் விரித்துவிட்டு, தான் நின்றுகொண்டே பேசினார். மருமகள் உள்ளே கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“இன்னும் அஞ்சு நாளுதானுங்க. காப்ப அவுத்ததும் நானே கூட்டிட்டுப் போறேன்.”

“அஞ்சு நாளு தாங்காதுங்க கவுண்டரே” என்றார் நர்சம்மா. “காலை அமுக்கினாக் குழி விழுது. வலிப்பு வந்துட்டா இங்க நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க.”

கவுண்டர் குனிந்து முற்றத்து மிளகைக் கையால் கிளறிவிட்டார். பிறகு அவர் சொன்னதில்தான் விஷயம் காப்பு மட்டுமல்ல என்று எனக்குப் புரிந்தது. அவருடைய மனைவிக்கு இரண்டாவது பிரசவத்தில் வலி கண்டு இரண்டு நாளாகியும் பிள்ளை வராததால், தூளி கட்டி, அடிவாரத்துப் புளியஞ்சோலைக்குப் போகும் பாதையில் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். பாதி வழியில் தூளி கனத்துவிட்டது என்றார். உயிர் போன உடல் கனக்கும் என்பார்கள்.

பிறகு நடிகரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“நீங்க சொல்லுங்க சாமி. நாடகத்துல சொன்னீங்களே, அதையே சொல்லுங்க. ரெண்டு உசுருக்கும் ஒண்ணும் ஆகாது, என் பொறுப்புன்னு. எங்க வீட்டாளு எல்லை தாண்டினா என் கையில காப்பு இருக்கக் கூடாது, இந்த நிமிசமே அவுத்துப் பங்காளி கையில கட்டறேன். ஜீப்ப வரச்சொல்றேன். ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன்.”

“நான் நாடகக்காரனுங்க கவுண்டரே.”

“தெரியுமுங்க. சொல்லுங்க.”

அந்தச் சில நொடிகளை நான் பல ஆண்டுகளாக எடைபோட்டுப் பார்த்துவருகிறேன். சொல்லிவிட்டால் அந்தப் பெண் இன்றே கீழே போய்விடுவாள். பிழைத்தால் கைராசி இன்னும் பெரிதாகும். பிழைக்காவிட்டால், அந்த நாட்டிலிருந்து இன்னொரு பெண் மருத்துவமனைக்கு இறங்க எத்தனை காலம் ஆகும்? சொல்லாவிட்டாலோ, அவள் இங்கேயே, எங்கள் கண்முன்னாலேயே இறந்துபோகலாம். இத்தனையும் யோசித்தபின் நான் அவருக்குத் தலையசைத்தேன். சொல்லிவிடுங்கள் என்று. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

அவர் என் தலையசைப்பைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கவுண்டரிடம் திரும்பினார்.

“அந்த வசனத்த நான் சொல்லமாட்டேனுங்க. அத எனக்கு எழுதிக் கொடுத்தது இந்த அம்மிணி. இந்த அம்மிணிக்கு யாரு சொன்னா? யாரும் சொல்லலீங்க. கேக்க நல்லா இருக்குதுன்னு எழுதிடுச்சு, நானும் பேசிட்டேன். பொறுப்பேத்துக்க எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நர்சம்மா மிஷினு வச்சுப் பாத்துச் சொல்லுது. அதுக்குத்தான் தெரியும்.”

என் காது சுட்டது. நர்சம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். காரியம் கெட்டது என்று நான் நினைத்தேன்.

“அப்ப எதுக்குங்க வந்தீங்க?” என்றார் கவுண்டர். அதில் கோபம் இருந்தது.

“கூடப் போறதுக்கு. நான் ஆஸ்பத்திரி வாசல்லயே உக்காந்திருக்கேன். ரெண்டு நாளானாலும் சரி, நாலு நாளானாலும் சரி. நல்லதோ கெட்டதோ, நடந்தத நடந்தபடி நானே வந்து உங்ககிட்டச் சொல்றேன். அது மட்டும் என் பொறுப்புங்க.”

உள்ளேயிருந்து அந்தப் பெண்தான் பேசினாள்.

“நான் போறேன் மாமா. இங்க இருந்தா எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துட்டு இருக்கீங்க. பயமா இருக்குது.”

கவுண்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தோட்டத்துப் பக்கம் போய்ப் பங்காளியைக் கூப்பிட்டார். மஞ்சள் கயிற்றின் முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார்.

விழா நடக்கும் ஊரை விட்டு வர முடியாமல் கவுண்டர் தங்கிவிட்டார்; ஜீப்பில் வழியில் அவள் தாயையும் ஏற்றிக்கொண்டோம். ஒவ்வொரு வளைவிலும் நடிகர் ஓட்டுநரிடம், “மெல்லப்பா, மெல்ல” என்று சொல்லிக்கொண்டே வந்தார். மருத்துவமனையில் எங்களைப் பார்த்த மருத்துவர் என்னைவிட ஓரிரு வயதே மூத்த பெண். அவர் எந்த வாக்குறுதியும் தரவில்லை. “நல்லவேளை கூட்டிட்டு வந்தீங்க. பார்க்கிறோம்” என்றார்.

நடிகர் சொன்னபடி வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவரை அடையாளம் கண்டுகொண்டு, தங்கள் வீட்டு நோயாளிகளைப் பற்றிக் கேட்டார்கள். “நானும் காத்துக்கிட்டுத்தாங்க இருக்கேன்” என்று நகர்ந்து இடம் கொடுத்தார். டீ குடிக்கப் போகும்போது என்னை அந்த இடத்தில் உட்காரவைத்துவிட்டுத்தான் போனார். பெஞ்சு காலியாக இருக்கக் கூடாது என்பதில் ஒரு பிடிவாதம் அவருக்கு.

இரண்டாம் நாள் விடிகாலையில் வலிப்பு வந்தது. அறுவைச் சிகிச்சை செய்தார்கள். தாய் பிழைத்தாள். குழந்தை மூச்செடுக்கவில்லை. பெண் குழந்தை.

“போயிச் சொல்லிட்டு வந்திடுவோம்” என்றார். முதல் பேருந்தில் ஏறினோம். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் பேருந்தின் சத்தம் மட்டுமே கேட்டது.

ஊரில் மேளம் ஒலித்துக்கொண்டிருந்தது. கவுண்டர் பந்தலுக்கு வெளியே, கூட்டத்துக்குத் தள்ளி ஒரு பலாமரத்தடியில் நின்றிருந்தார். கட்டிய காப்பை நடுவில் அவிழ்த்தவர் பூசைக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. எங்களைப் பார்த்ததும் நடந்து வந்தார். இருபது வருடம் இந்தக் காட்சியை நடித்தவர் எப்படிச் சொல்லப்போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்துவிட்டார். கவுண்டரும் எதிரே குந்தினார்.

“மருமக பொழைச்சுட்டாங்க. புள்ள தங்கலீங்க. பொட்டப்புள்ள.”

அந்தப் பெரிய குரல் அருகில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“மருமக அழுதாளா?”

“அழுதாங்க.”

“நீங்க அங்கயே இருந்தீங்களா?”

“இருந்தேனுங்க.”

கவுண்டர் மண்ணை விரலால் கீறிக்கொண்டே இருந்தார். பிறகு, “சோறு தின்னுட்டுப் போங்க” என்றார். துக்கச் செய்தி கொண்டுவந்தவர்களுக்கு விழா வீட்டில் இலை போட்டார்கள். நாங்கள் சாப்பிட்டோம்.

அந்த வாரமே நாடகத்தின் அந்த வசனத்தை அடித்தேன். பதிலுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நடிகரிடம் கேட்டேன்.

“அந்த எடத்துல டாக்டரே வேண்டாம் அம்மிணி. வாசல்ல உக்காந்திருக்கிற மாமனார எழுது. நான் பண்றேன்.”

அப்படியே எழுதினேன். கதவு திறக்குமுன் நாடகம் முடிந்துவிடும். இது பலருக்குப் பிடிக்கவில்லை. “என்னங்க பாதியில நிறுத்திட்டீங்க? பொழைச்சாளா இல்லையா?” என்று எழுந்து சண்டைக்கு வருவார்கள். “போய்ப் பாத்தாத்தாங்க தெரியும்” என்பார் அவர். கைதட்டல் குறைந்தது. ஆனால் நாடகம் முடிந்தபின் கூட்டம் அவரை விட்டுவிட்டு நர்சம்மாவைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தது. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மறுவருடம் அவர் சென்னைக்குத் திரும்பினார். தொலைக்காட்சித் தொடர்கள் பெருகிய காலம் அது. “இப்ப மாமனாரு வேஷந்தான் கூப்பிடறாங்க. வேட்டி சொந்த வேட்டி” என்று தொலைபேசியில் சிரித்தார்.

அந்த ஊரில் காப்பு விஷயம் எளிதாக முடியவில்லை. கட்டிய காப்பை நடுவில் அவிழ்த்ததற்காகக் கவுண்டரோடு ஒரு வருடம் சிலர் பேசவில்லை. அந்த ஆண்டு சாமை சரியாக விளையாததற்கும் அதையே காரணம் சொன்னார்கள். அடுத்த பங்குனியில் காப்புக் கட்டுமுன், ஊர்கூடி ஒரு முடிவுக்கு வந்தது: வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு எல்லை கிடையாது, அவள் எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம், எங்கே வேண்டுமானாலும் தங்கலாம். இதைத் தப்பட்டை அடித்துச் சொன்னார்கள் என்று நர்சம்மா எனக்குச் சொன்னார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

இரண்டாயிரத்து மூன்றில், செம்மேட்டுப் பேருந்து நிலையத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். மீண்டும் நிறைமாதம். மாமனார் துணிமூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, கூட்டத்தில் முண்டி இடம்பிடிக்கப் பேருந்துக்குள் ஏறிவிட்டிருந்தார். அவள் கீழே நின்று பலாச்சுளை தின்றுகொண்டிருந்தாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

“இருக்குதுங்கக்கா. இல்லாம இருக்குமா?” என்றாள். கொஞ்சம் கழித்து அவளாகவே சொன்னாள்: “அன்னைக்கு எங்க மாமா கேட்ட வார்த்தைய அந்த ஐயா சொல்லியிருந்தாருன்னா, போன புள்ளைக்கு இன்னைக்கு வரைக்கும் அவரத்தான் வஞ்சுக்கிட்டு இருந்திருப்பேன். எங்க மாமாவும் இந்தத் தடவ என்னை அனுப்பியிருக்கமாட்டாரு. இப்ப வையறதுக்கு ஆளில்லீங்க.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அன்று மாலை அவருக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். படப்பிடிப்பு இடைவேளையில் இருந்தார். சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“அம்மிணி” என்றார் பிறகு. “பஸ்ஸுல அந்தப் புள்ளைக்கு உக்கார எடங் கெடைச்சுதா?”

“கெடைச்சுதுங்க ஐயா. ஜன்னல் ஓரமா” என்றேன்.